தேய்ந்த கட்டையும் தேயாத ஓசையும்



நவம்பர் 22, திரு இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்கு நம் பங்குகளில் பாடகர் குழுக்கள் பயிற்சியைத் தொடங்கும் நேரமும் இதுதான். மூலையில் கிடக்கும் பழைய ஆர்மோனியம் அப்போது நினைவுக்கு வரும். திறந்து பார்த்தால், வெள்ளைக் கட்டைகளின் மேல் ஒட்டிய தகடு தேய்ந்தும் பெயர்ந்தும், அடியிலுள்ள மரம் தெரியும். "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கீபோர்டு வாங்கிவிடலாம், சாமி" என்பார்கள். முடிவெடுக்கும் முன் அந்த மெல்லிய தகட்டின் வரலாற்றைச் சற்றுக் கேட்போம்.

நம் ஏலாக்குறிச்சியை அடைக்கல மாதாவின் திருத்தலமாக்கிய வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தார். அவர் அங்கே இளைஞராக இருந்த காலத்தில், 1700 வாக்கில், அதே நாட்டின் புளோரன்ஸ் நகரில் பர்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கறுப்பு. கட்டை என்பது மரம்தான். விரல் படும் மேற்பரப்புக்கு மட்டும் தகடு ஒட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நல்ல பியானோ என்றால் வெள்ளைக்கு யானைத் தந்தம், கறுப்புக்குக் கருங்காலி. தந்தம் விரலின் ஈரத்தை உள்வாங்கும், வழுக்காது. அதனால் வாசிப்பவர்கள் அதை விரும்பினார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தரக் குடும்பங்கள்கூட வீட்டில் பியானோ வைக்கத் தொடங்கியபோது தந்தத்தின் தேவை பெருகியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஊருக்கே ஐவரிட்டன், அதாவது தந்தத்தூர், என்று பெயர் வந்தது. தந்தத்தைத் தகடுகளாக அறுத்து, கண்ணாடிக் கூடங்களில் வெயிலில் பரப்பி வெளுத்தார்கள்.

அந்தத் தந்தம் எங்கிருந்து வந்தது? கிழக்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் யானைகளைக் கொன்று எடுத்தது. அங்கிருந்து கடற்கரைக்குப் பல நூறு மைல். மனிதத் தோள்களே அதைச் சுமந்தன. கூலிக்குச் சுமந்தவர்கள் உண்டு; அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுச் சுமந்தவர்களும் உண்டு. பாதை பகமோயோ என்ற கடற்கரை ஊரில் முடியும். எதிரே சான்சிபார் தீவின் சந்தை. அங்கே முதலீடு செய்தவர்களில் நம் நாட்டு வணிகர்களும் இருந்தார்கள். தந்தத்தின் ஒரு பகுதி பம்பாய்த் துறைமுகம் வழியாகவும் போனது.

திரு அவை இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. 1868-இல் தூய ஆவி சபைக் குருக்கள் பகமோயோவில் பணித்தளம் தொடங்கி, விடுவிக்கப்பட்ட அடிமைகளைக் குடியமர்த்தினார்கள். 1888-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ அடிமை முறையைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். நம் கும்பகோணம் மறைமாவட்டத்தை 1899-இல் நிறுவியவரும் அவரே. அவருடைய விருப்பப்படி கர்தினால் லவிஜெரி பாரிஸ், இலண்டன், பிரசல்ஸ் நகரங்களில் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கு எதிராக முழங்கினார். இறைவாக்கினர் ஆமோஸ், தந்தக் கட்டிலில் சாய்ந்தபடி யாழிசையில் மகிழ்ந்து, மக்களின் அழிவுக்கு வருந்தாதவர்களைச் சாடுகிறார். தந்தமும் இசையும் அவருடைய ஆறாம் அதிகாரத்தில் அருகருகே வருவதைப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கும் பியானோ வந்தது. சென்னையில் 1842-இல் மிஸ்கித் நிறுவனம் தொடங்கியது. அதுவே பின்னாளில் அண்ணா சாலையின் மியூசி மியூசிகல். நம் ஊர் ஈரக்காற்றில் பசை விட்டுவிடும் என்பதால், வெப்ப நாடுகளுக்கென்று செய்த பியானோக்களில் தந்தத் தகட்டைச் சிறு பித்தளை ஆணியாலும் இறுக்கினார்கள். ஆனால் 1903-இல், இதே செசிலியா திருநாளில், திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் ஆலயத்தில் பியானோ கூடாது என்று விதித்தார். எனவே பியானோ பள்ளிகளோடு நின்றது. கிராமத்துக் கோவிலுக்கு ஆர்மோனியமே துணையாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பிற கருவிகளுக்கும் வழிவிட்டது.

இதற்கிடையே தந்தத்துக்கு மாற்று கிடைத்திருந்தது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுப் பொருள் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட் 1870-இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1989-இல் உலக நாடுகள் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைத் தடுக்க முடிவு செய்தன. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் திருத்தப்பட்டு ஆப்பிரிக்கத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது.

ஆகவே இன்று தேய்ந்த தகட்டை மாற்றுவோர் பிளாஸ்டிக் தகட்டையே ஒட்டுகிறார்கள். முதலில் கட்டைகளுக்கு வரிசை எண் இட வேண்டும். பழைய தகடு தந்தமானால் மெல்லிய வரிகள் தெரியும். பெரும்பாலும் இரண்டு துண்டாக ஒட்டியிருக்கும். ஈரத்துணி வைத்து இளஞ்சூடு கொடுத்தால் பசை இளகும். செல்லுலாய்டானால் சூடே காட்டக் கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். பழைய பசையைச் சுரண்டி, மரத்தைச் சமன் செய்து, புதுத் தகட்டை ஒட்டி, இறுக்கி வைத்து, காய்ந்தபின் ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். புதுத் தகடு கனமாக இருந்தால் மரத்தை அந்த அளவு இழைக்க வேண்டும். இல்லையென்றால் கட்டைகள் மேடும் பள்ளமுமாக நிற்கும். பழக்கமுள்ள கை செய்வதே நல்லது.

இப்படி மாற்றினால் ஓசை மாறுமா? மாறாது. பியானோவில் ஓசை கம்பியில் இருக்கிறது. ஆர்மோனியத்தில் உள்ளே அதிரும் ரீடில் இருக்கிறது. தகடு விரலுக்குத்தான். யானையின் உயிரும் அடிமையின் தோளும் தந்த அந்த வெண்மை இல்லாமலேயே இறைவனைப் புகழ முடிந்திருக்கிறது.

வீரமாமுனிவரும் இப்படி ஒரு வேலை செய்தார். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடு தெரியாமல் கிடந்தன. அவர் மொழியைத் தூக்கி எறியவில்லை. எழுத்தின் முகத்தை மட்டும் திருத்தினார். ஓசை நம்முடையதாகவே இருந்தது.

உங்கள் கோவில் ஆர்மோனியத்தை எடைக்குப் போடும் முன் ஒருமுறை துருத்தியை அசைத்துப் பாருங்கள். உள்ளே ஓசை இருந்தால், தகட்டை மாற்றிக்கொள்ளலாம். புதிதாக எதை வாங்கினாலும், இந்த அழகுக்காக எங்கோ யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். வயதில் தேய்ந்த நம் பெரியவர்களையும், வாழ்வில் தேய்ந்த நம் உறவுகளையும் இதே கண்ணோடு பார்க்கும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.