1931இன் நினைவுகூரலும் மலையகப் பெண்களின் வாக்குரிமையும்

இலங்கையில் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டு 1931 என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆண்டு நிறைவுகளின்போது எழுதப்படும் கட்டுரைகளும் அதையே சொல்கின்றன. அந்தப் பெருமிதத்துக்கு நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதில் வாக்கு கிடைத்தது 1928இல். மூன்றே ஆண்டுகளில் அதன் குடியேற்ற நாடொன்றில் 21 வயது நிறைந்த பெண் அதே உரிமையைப் பெற்றாள். பிரான்சின் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள். ஆனால் இந்த ஒற்றை ஆண்டை எல்லாப் பெண்களின் வெற்றி ஆண்டாகக் கொண்டாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு 1931இல் கிடைத்தது நிபந்தனைகள் பூட்டிய வாக்கு. அதுவும் 1949இல் பறிபோனது. அவர்களில் கடைசித் தொகுதியினர் அதைத் திரும்பப் பெற 2003 வரை சென்றது. இந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லாத நினைவுகூரல், பெண்களில் ஒரு பகுதியினரின் கதையை எல்லாப் பெண்களின் கதையாக்கிவிடுகிறது.

சர்வஜன வாக்குரிமை வெள்ளைக்காரர் தட்டில் வைத்துத் தந்த கொடை என்று ஒரு கருத்து நம்மிடையே வெகுகாலமாக உலவுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் வந்திறங்கியபோது நாட்டு மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கே வாக்கு இருந்தது. படித்த, சொத்துள்ள ஆண்கள் அவர்கள். அந்த வட்டத்தைச் சற்று அகட்டினால் போதும் என்பதே இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவர்களின் எண்ணம். எல்லோருக்கும் வாக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டவை வேறு இரு தரப்புகள். ஒன்று, வேலைநிறுத்தங்களை நடத்திப் பழகிய ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம். மற்றொன்று, 1927 டிசம்பரில் கொழும்பில் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம். கொடை என்ற விளக்கம் இந்த இரு தரப்பாரையும் மறைத்துவிடுகிறது.

பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் கொழும்பின் வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள். தொடக்கத்தில் அவர்கள் எண்ணியதும் படித்த பெண்களுக்கான வரையறுத்த வாக்குரிமைதான். ஆயினும் ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியமளித்த அன்று நடந்த ஓர் உரையாடலை என் பார்வையில் இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் மிக உயர்ந்த கணம் என்றே சொல்வேன். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர் பிரபு கேட்டார். சங்கத்தின் செயலாளரான ஆக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற பொருள்பட விடை சொன்னார்.

அந்தக் கேள்வி வெகுளியாகக் கேட்கப்பட்டதன்று. தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்தால் கண்டிப் பகுதியின் தொகுதிகள் என்னவாகும் என்ற அச்சம் அப்போதே சிங்களத் தலைவர்களிடையே வளர்ந்துவந்தது. அந்த அச்சத்தைத் தொட்டுப் பார்த்த கேள்வி அது. வகுப்பாலும் மொழியாலும் தனக்கு எட்டாத தொலைவில் இருந்த கூலிப் பெண்ணை ஆக்னஸ் டி சில்வா தன் கோரிக்கைக்குள் இழுத்துக்கொண்டார். ஆணைக்குழு 1928இல் தந்த அறிக்கை ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 30 வயதும் எனப் பரிந்துரைத்தது. சட்டமானபோது இருவருக்கும் 21 என்றாயிற்று.

தமிழ்த் தலைமையின் நிலையையும் மழுப்பாமல் பதிய வேண்டும். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குச் செல்வதை எதிர்த்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவரேதான் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியவர். பெண்ணைப் படிக்க வைக்கலாம், ஆளும் உரிமையில் பங்கு தரலாகாது என்ற நிலை அந்தத் தலைமுறைச் சைவ உயர்குழாத்துக்கு முரணாகத் தோன்றவில்லை. 1931 தேர்தலையோ, முழுச் சுயராச்சியம் வேண்டிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பையேற்று வடக்கின் நான்கு தொகுதிகள் புறக்கணித்தன. அத்தொகுதிகளின் பெண்கள் புதிய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு முதன்முதலில் வாக்களித்தது 1934இல்தான். ஆக, தமிழ்ப் பெண்களுக்குள்ளேயே 1931 ஒரே பொருளைத் தரவில்லை.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். 1929 டிசம்பரில் டொனமூர்த் திட்டம் சட்டசபையில் 19க்கு 17 என்ற வாக்குக் கணக்கில்தான் தப்பியது. இந்தியத் தொழிலாளரின் வாக்கை இறுக்கிப் பிடித்த பிறகே அந்த 19ம் கிடைத்தது. அதன்படி அவர்களில் ஒருவர் மூன்று வழிகளில் ஒன்றால் மட்டுமே வாக்காளர் இடாப்பில் ஏறலாம்: இலங்கையே தன் நிலையான வதிவிடம் என்று காட்டுவது, பழைய படிப்பு - சொத்துத் தகுதியைக் காட்டுவது, ஐந்தாண்டு வசித்ததை மெய்ப்பித்து, வேறெந்த அரசின் பாதுகாப்பையும் கோரேன் என்று கையொப்பமிட்டு, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுவது.

இந்த வழிகளில் ஒரு தோட்டத்துப் பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்போம். படிப்பு - சொத்துத் தகுதி என்பது எழுத்தறிவோடு ஆண்டுக்கு 600 ரூபாய் வருமானம். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஞாயிறு, மழை, நோய் எதுவும் பாராமல் ஆண்டின் 365 நாளும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடையை நிறைத்தாலும் அவள் கையில் சேருவது 157 ரூபாய்க்கும் குறைவு. அந்த வழி அடைபட்டது. வதிவிட வழியிலோ, அன்றைய சட்ட மரபின்படி மணமான பெண்ணுக்குத் தனி வதிவிடம் கிடையாது; கணவனுடையதே அவளுடையது. அவள் ஹட்டனில் ஒரு லயத்துக் காம்பிராவிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்திருந்தாலும், கணவனின் வதிவிடம் இந்தியா என்று முடிவானால் அவளுடையதும் இந்தியாவே. எஞ்சியது சான்றிதழ். அதற்கு அதிகாரியின் முன் நின்று ஆண்டுகளைத் தாள்களால் மெய்ப்பிக்க வேண்டும். பெயரைப் பதியும் கங்காணியையும் தோட்டத்து துரையையும் தாண்டி ஒரு தாளும் அவளிடம் இருந்ததில்லை.

இத்தனையையும் மீறி மக்கள் பதிந்தார்கள். 1931இல் ஏறத்தாழ 1 லட்சம் இந்தியத் தமிழர் இடாப்பில் இருந்தனர். 1939இல் அது 2 லட்சத்து 25 ஆயிரமாயிற்று. இதன் பின்னால் இருந்த தோட்டத் தொழிற்சங்க உழைப்பில் மீனாட்சி அம்மாளின் பங்கு பெரிது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவியான அவர் ‘தேசபக்தன்’ இதழ்ப் பணியில் தோள் கொடுத்தார். தோட்டக் கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடி, எழுத்தறியாத பெண்களையும் அரசியலுக்குள் அழைத்து வந்தார். அதே பத்தாண்டில், 1932 மே மாதத்தில், கொழும்பு வடக்கின் இடைத்தேர்தலில் வென்று நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குள் நுழைந்தார். ரூவன்வெல்லையில் வென்ற அடலின் மொலமுரேக்கு அடுத்து அச்சபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவர்; ஒரு தமிழ்ப் பெண்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. ஆளுங்கட்சி இதை மறக்கவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவர் வாக்காளர் அல்லர் என்றது. 1952இல் வாக்குச்சாவடிகள் திறந்தபோது, 1947இல் வாக்களித்த தோட்டத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இடாப்பில் பெயரில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பறிக்கப்பட்டது இந்திய வம்சாவளியினரின் வாக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இழந்தார்கள். ஆகவே இது இன அரசியலின் வரலாறு, பெண்கள் வாக்குரிமையின் வரலாற்றில் இதற்கு இடமில்லை என்பது அந்த மறுப்பு. சட்டத்தின் வாசகங்களைப் படித்தவர் இதை ஏற்க மாட்டார். 1948 சட்டப்படி, அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருக்குத் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மணமான தாய் எங்கே பிறந்தாள், அவளுடைய தாய் எத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தன் விரல்களால் பறித்துக் கொடுத்த பெண்ணால் தன் பிள்ளைக்கு ஒரு நாட்டைக் கொடுக்க முடியவில்லை.

அடுத்து வந்த 1949இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டமும் அப்படியே. மணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். கணவன் விண்ணப்பித்தால் மனைவியின் இடையறாத வதிவையும் காட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் திருச்சிப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போன பெண் அங்கே நெடுநாள் தங்கிவிட்டால், அதுவே குடும்பம் முழுவதன் விண்ணப்பத்தையும் கெடுக்கப் போதுமான காரணமாகலாம். 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜைகளாகப் பதியப்பட்டவர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம். இன ஒதுக்கலுக்குப் பெண்ணின் உடலும் மணமும் பிள்ளைப்பேறும் கருவியாக்கப்பட்டன. பெண்ணுரிமை வரலாற்றாசிரியர் இதைக் கடந்து போக வழியில்லை.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அந்த வெற்றி உண்மையானது. அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாதிருந்த பெண்கள் தலவாக்கலையிலும் பதுளையிலும் இருந்தார்கள் என்பதும் உண்மையே. 1964 அக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதிக்குப் பிறகு பேச்சு. அவர்களில் ஒருவரையும் கேட்டுச் செய்த ஏற்பாடு அன்று அது. 1981இல் சர்வஜன வாக்குரிமையின் பொன்விழாவை அரசு பெரும் எடுப்பில் நடத்தியது. அக்டோபரில் எலிசபெத் மகாராணி நேரில் வந்தார். அவ்வாண்டு ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்து கிடந்தது. மலையகத்தில் நாடற்றவர்கள் இன்னும் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். சர்வஜனம் என்ற பெயரில் நடந்த விழாவில் அந்தச் சனங்கள் இல்லை.

1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் வாசலைத் திறந்தது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரையும் உள்ளே எடுத்தது. அதே 2003இல் வந்த மற்றொரு திருத்தத்தால்தான் தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டென்று சட்டம் ஒப்புக்கொண்டது. தோட்டத்துப் பெண்ணின் வாக்கும் இலங்கைத் தாயின் குடியுரிமையும் ஒரே ஆண்டில் சீர்பட்டதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் இரண்டின் மறுப்பும் 1948இன் ஒரே சட்டத்தில் வேர்கொண்டது என்பதை அப்படித் தள்ள முடியாது.

எனவே 1931இன் நூற்றாண்டு நெருங்கும் இந்த வேளையில், மலர் தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் இரண்டைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆக்னஸ் டி சில்வா அளித்த விடையை மாணவர் படிக்கும் பக்கத்தில் சேருங்கள். அதன் கீழேயே 1949, 1988, 2003 ஆகிய ஆண்டுகளையும் அச்சிடுங்கள். பாராளுமன்றத்துக்கு மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகத் தெரிவானது 2024 நவம்பரில்: பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. 1931இலிருந்து எண்ணினால் அதற்கு 93 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.