இரக்கமும் இல்லாமையும்: ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் ஒரு பெயரடை

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் 'புவர்' என்னும் பெயரடை இந்நாவலில் யாரைக் குறித்து, வாக்கியத்தின் எவ்விடத்தில் வருகிறது என்று கவனித்தால், காதலும் திருமணமும் பேசும் கதைக்குள்ளே வறுமை பற்றிய கறாரான விசாரணை ஒன்று நடப்பது தெரியவரும். பெயருக்கு முன்னே ஒட்டி நிற்கையில் அச்சொல் பெரும்பாலும் 'பாவம்' என்னும் இரக்கம். பயனிலையாக நிற்கையில் ஏழ்மை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில்தான் ஆஸ்டினின் அறநோக்கு இயங்குகிறது.

எம்மாவின் தந்தை உட்ஹவுஸ் இச்சொல்லை வாரி வழங்குபவர். பதினாறு ஆண்டுகள் வீட்டோடு இருந்து பிள்ளைகளை வளர்த்த ஆசிரியை மிஸ் டெய்லர், வசதியும் நற்குணமும் உள்ள வெஸ்டனை மணந்து அரை மைல் தொலைவிலுள்ள வீட்டுக்குக் குடிபோகிறார். உட்ஹவுஸுக்கு அவர் 'பாவம்'. லண்டனில் கணவன், குழந்தைகளோடு நிறைவாக வாழும் மூத்த மகள் இசபெல்லாவும் பாவம். வெஸ்டன் வீட்டுக்குப் போனால் வண்டிக் குதிரைகளை எங்கே நிறுத்துவது என்று கவலைப்படும்போது குதிரைகளுக்கும் அதே அடைமொழி. இவர்களில் எவருக்கும் ஒரு குறையும் இல்லை. தாம் இழந்ததைப் பிறருடைய துன்பமாகக் கருதிவிடுகிறார் கிழவர்.

முதல் இயலிலேயே, குடும்ப நண்பரும் நிலவுடைமையாளருமான நைட்லி இதை மறுக்கிறார். தந்தையையும் மகளையும் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம், மிஸ் டெய்லரைச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். பிறர் வீட்டில் சம்பளத்துக்கு இருந்தவர் இப்போது தம் வீட்டுக்குத் தாமே தலைவி. மரியாதையான கேலி என்று கடந்துவிடக்கூடிய இடம் இது. ஆனால் பிறரைச் சார்ந்த வாழ்வா, சுதந்திரமா என்பதை அளவுகோலாக்கி, அச்சொல்லுக்குத் தகுதியானவர் யார் என்ற கேள்வியை நைட்லி இங்கேயே எழுப்பிவிடுகிறார்.

விடை வர நாற்பதுக்கும் மேற்பட்ட இயல்கள் ஆகின்றன. மறைந்த பாதிரியாரின் மகள் மிஸ் பேட்ஸ், முதிய தாயுடன் பிறர் வீட்டு மாடியில் குறைந்த வருமானத்தில் வாழ்பவர். எம்மா வீட்டிலிருந்து பன்றி இறைச்சி வருகிறது. நைட்லி ஆப்பிள் அனுப்புகிறார். ஓயாத பேச்சில் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார் மிஸ் பேட்ஸ். பாக்ஸ் ஹில் உலாவில், ஒவ்வொருவரும் மிகச் சாதுரியமான ஒன்றோ, சுமாரான இரண்டோ, சலிப்பூட்டும் மூன்றோ சொல்ல வேண்டும் என்று விளையாட்டு. மூன்றும் தமக்கு எளிதாக வரும் என்கிறார் மிஸ் பேட்ஸ். ஒரே தடவையில் மூன்றோடு நிறுத்துவதுதான் கடினம் என்று எல்லார் முன்னும் சொல்லிவிடுகிறாள், முப்பதாயிரம் பவுண்டுக்கு வாரிசான எம்மா.

பிறகு வண்டிக்காகக் காத்திருக்கையில் நைட்லி அவளைத் தனியே கண்டிக்கிறார். மிஸ் பேட்ஸ் செல்வம் படைத்தவராக இருந்தால் அந்தக் கேலியைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவரோ ஏழை, பிறந்த நிலையிலிருந்து தாழ்ந்தவர், முதுமையில் இன்னும் தாழக்கூடியவர். இங்கே அப்பெயரடை பயனிலையாக வருகிறது. அதில் உருக்கம் கிடையாது, நிலவரம் மட்டுமே உண்டு. எம்மா வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுவதற்குக் காரணம், இரக்கப்படத் தவறியதைவிட, தன் கண்முன் இருந்த சமூக உண்மையைக் காணத் தவறியதே என்று கொள்வது பொருந்தும்.

பெயருக்கு முன் 'புவர்' சேர்ப்பது ஆங்கிலப் பேச்சு வழக்குதானே, அதில் நோக்கம் காண வேண்டுமா என்று கேட்கலாம். வழக்கென்பது உண்மையே. ஆனால் அதை ஒரு பாத்திரமே எதிர்த்துப் பேசும்படி ஆசிரியர் அமைத்தபின், வாசகரும் அதைக் கவனித்தாக வேண்டும். மறுத்தவரே பின்னர் அச்சொல்லை அதன் முழுக் கனத்தோடு கையாள்வதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

எனினும் ஆஸ்டினுக்கு இதில் ஓர் எல்லை உண்டு. தீர்ப்புச் சொல்பவர் நிலவுடைமையாளர். கேட்பவள் செல்வந்தரின் மகள். மிஸ் பேட்ஸ் அங்கே இல்லை. 1847இல் சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' வந்தபோது, தார்ன்ஃபீல்டு தோட்டத்தில் அதே பெயரடையைத் தன்மேல் தானே ஏற்றிக்கொண்டு, தன்னை வேலைக்கு வைத்திருக்கும் ஆணின் முகத்துக்கு நேரே சமத்துவம் கேட்கிறாள் ஓர் ஆசிரியை.