பொம்மைச் சட்டையும் பெயரில்லாத இரண்டு தையல்காரிகளும்

பழைய தையல் பேட்டர்ன்களைச் சேர்ப்பது என் பழக்கம். போன மாதம் 1960களின் தொடக்கத்தில் வந்த ஒரு பார்பி பேட்டர்னின் நகலை எடுத்து, ஒரு சட்டையும் பாவாடையும் தைச்சுப் பார்த்தேன். பிளவுஸ் தைச்சுப் பழகின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு நினைச்சேன். முதல் சட்டையைப் போட்டு, அதுக்கு மேல பாவாடையை ஏத்தினால் பட்டன் எட்டவே இல்லை!

காரணம் கணக்கில் இருக்கிறது. பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், ஏறக்குறைய மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. உடையின் அளவு எல்லாம் ஆறில் ஒன்றாகச் சுருங்கும். துணியின் தடிமன் மட்டும் சுருங்காது. சட்டையின் கீழ்ப்பகுதி, பாவாடையின் இடுப்புப்பட்டி, அதன் உள்மடிப்பு எல்லாம் சேர்ந்தால் பொம்மைக்கு இடுப்பில் மெத்தை கட்டின மாதிரி ஆகிவிடும். நான் எடுத்தது பாப்லின். மெல்லிய வாயிலுக்கு மாறினதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மாட்டெல் நிறுவனம் பார்பியை அறிமுகப்படுத்தியது. பொம்மை 3 டாலர். அதன் கல்யாண உடைத் தொகுப்போ 5 டாலர்! ஆக, வியாபாரம் உடையில்தான் இருந்தது. உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானுக்கே போய்த் தங்கி வேலையை மேற்பார்த்தார். லைனிங், குட்டி ஜிப், பொடிப் பட்டன் என்று நிஜ உடையின் நேர்த்தி அவற்றில் இருக்கும். அதைத் தைத்தவர்களில் பலர், வீட்டில் இருந்தபடியே கூலிக்கு வேலை செய்த ஜப்பானியப் பெண்கள்.

3 டாலர் பொம்மைக்கு 5 டாலர் உடை வாங்க எல்லா வீட்டிலும் முடியுமா? அங்கேதான் பேட்டர்ன் நுழைகிறது. அட்வான்ஸ், மெக்கால்ஸ் போன்ற நிறுவனங்கள் பார்பி பெயரோடு பேட்டர்ன் வெளியிட்டன. ஓர் உறைக்குள் பல உடைகள். வெட்டி மிஞ்சின துணியே போதும்.

அந்தத் தாளில் வீட்டுத் தையல்காரியை நினைத்து எழுதின யோசனைகள் உண்டு. ஜிப்புக்குப் பதில் ப்ரெஸ் பட்டன். பெரியவர்கள் உடைக்கு விடும் ஐந்தெட்டு அங்குலத் தையல் விளிம்புக்குப் பதில் கால் அங்குலம். கையை முதலில் வைத்துத் தைத்து, அப்புறம்தான் பக்கத் தையல். ஏனென்றால் மூடின அக்குளுக்குள் மிஷினின் பாதம் நுழையாது. என் இரண்டாவது சட்டை இந்த வரிசைப்படிதான் சரியாக வந்தது. அதுக்கே ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு.

இன்று சேகரிப்பாளர்கள் உடையின் உள்ளே சின்ன லேபிளைத் தேடுகிறார்கள். லேபிள் இருந்தால் நல்ல விலை. இல்லாவிட்டால் ‘வீட்டுத் தையல்’ என்று குவியலில் போட்டுவிடுவார்கள். லேபிள் உள்ளதைத் தைத்த ஜப்பானியப் பெண்ணின் பெயரும் நமக்குத் தெரியாது, லேபிள் இல்லாததைத் தைத்த அம்மாவின் பெயரும் தெரியாது. ஆனால் இரண்டாமவர் உடை குப்பைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், தூக்கிப் போடும் முன் ஒரு தடவை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள்.

அடுத்த குறிப்பில், 1963இல் பிரிட்டனில் வந்த சிண்டியின் உடைகளைப் பார்ப்போம்.