வேகமும் விட்டுக்கொடுப்பும்: பொதுப்பாதையில் மிதிவண்டியின் வரலாறு



பாதை யாருக்குச் சொந்தம்? நடப்பவருக்கா, குதிரையில் செல்பவருக்கா, மிதிவண்டி ஓட்டுபவருக்கா? எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரே பாதையில் ஒருவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்க, இன்னொருவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வந்தால், அந்தப் பொதுச் சொத்தை எப்படிப் பங்கிடுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு மலையின் கதையை இன்று பார்ப்போம்.

கேள்வி புதியதல்ல. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், குதிரையையோ வண்டியையோ கண்மூடித்தனமான வேகத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட நாளில் இன்று நாம் அறிந்த மிதிவண்டி பிறக்கவே இல்லை. பிறகு மிதிவண்டி வந்தது. வேகமாக ஓட்டியவர்களும் வந்தார்கள். மிதிவண்டி ஒரு 'வண்டி'தானா என்ற வழக்கு எழுந்தது. வண்டிதான் என்று 1879இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய சட்டம் புதிய இயந்திரத்தையும் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1890களில் நியூயார்க் நகரத்தை மிதிவண்டி மோகம் ஆட்டிப்படைத்தது. தலையைக் குனிந்துகொண்டு தெருவில் பறந்தவர்களைப் பிடிக்க, 1895இல் காவல்துறை மிதிவண்டிப் படை ஒன்றை அமைத்தது. அப்போது நகரக் காவல் ஆணையர் குழுவின் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட். மிதிவண்டியைப் பிடிக்க மிதிவண்டியையே ஏவினார்கள். அந்தப் படையினரே 1899இல், எட்டு மைல் வரம்பை மீறிப் பன்னிரண்டு மைல் வேகத்தில் சென்ற மின்சார டாக்சி ஒன்றையும் துரத்திப் பிடித்தார்கள்.

இவையெல்லாம் நகரத் தெருக்களில் நடந்தவை. மிதிவண்டி மலைக்காட்டுக்குள் நுழைந்தபோதுதான் நம் கதை தொடங்குகிறது.

கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரீன் வட்டாரம் வரும். அங்கே நிற்பது டமல்பையஸ் மலை. உயரம் சுமார் 780 மீட்டர். அந்த வட்டாரத்தின் பழங்குடியினரான மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. 1896இல் அந்த மலைமேல் ஒரு ரயில் பாதை அமைந்தது. வளைந்து வளைந்து ஏறியதால் உலகிலேயே மிகக் கோணலான ரயில் பாதை என்று புகழ் பெற்று, 1930 வரை ஓடியது. 1905இல் தொடங்கிய மலையோட்டப் பந்தயம் ஒன்று இன்றும் அங்கே நடந்துவருகிறது. மலையைக் காக்கும் சங்கம் ஒன்று 1912இல் அமைந்தது. அதன் உறுப்பினர்கள் மண்வெட்டியும் கையுமாகச் சென்று பாதைகளைச் செப்பனிட்டார்கள். அதே ஆண்டில் தோன்றிய மரீன் நகராட்சித் தண்ணீர் வாரியம், மலையின் பெரும் பகுதியை நீர்ப்பிடிப்புக் காடாகப் பாதுகாத்துவந்தது. சுருக்கமாகச் சொன்னால், நடப்பவர்கள் அந்த மலையோடு பல தலைமுறை உறவு கொண்டிருந்தார்கள்.

மலையில் இரண்டு வகைப் பாதைகள் இருந்தன. ஒன்று, காட்டுத்தீயை அணைக்க வாகனங்கள் செல்வதற்காக வெட்டப்பட்ட அகலமான மண்சாலை. மற்றொன்று, ஆள் மாறி ஆள் செல்லும் ஒற்றையடிப் பாதை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த சண்டையெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1970களில் அந்த வட்டார இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பழைய பருத்த சக்கர மிதிவண்டிகளைத் தேடிப்பிடித்து மலையுச்சிக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து மண்சாலை வழியே உருண்டு இறங்குவதுதான் விளையாட்டு. 1976 அக்டோபர் 21ஆம் நாள், அருகிலுள்ள பைன் மலையில் முறையான பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். சார்லி கெல்லி என்பவர் அதன் அமைப்பாளர். பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். காரணம் சுவையானது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் பழைய பிரேக், இறங்கும்போது கொதித்துவிடும். அதனுள் இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மீண்டும் அடைக்க வேண்டும். அப்படி மீண்டும் அடைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே பெயராயிற்று.

ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் 1,300 அடி இறக்கம். கேரி ஃபிஷர் என்ற வீரர் அதை 4 நிமிடம் 22 வினாடியில் கடந்தார். சராசரியாகக் கணக்கிட்டால் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் மேல்!

1977இல் ஜோ பிரீஸ் என்ற இளைஞர் இந்த ஓட்டத்துக்கென்றே புதிய மிதிவண்டியைக் கட்டினார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு மலை மிதிவண்டி விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் பெரிய அளவில் தயாரித்து விற்பனைக்கு விட்டது. சில நண்பர்களின் விளையாட்டு சில ஆண்டுகளில் ஒரு தொழிலாக வளர்ந்தது. டமல்பையஸ் மலைப் பாதைகளிலும் கூட்டம் பெருகியது.

மோதல் அங்கேதான் தொடங்கியது. நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் முறையிட்டார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. குதிரை இயல்பாகவே மிரளும் பிராணி. ஓசையின்றிப் பின்னாலிருந்து விரைந்து வரும் எதையும் அது பகையாகவே எண்ணும். அது துள்ளினால் மேலே இருப்பவர் பள்ளத்தில் விழலாம். வயதானவருக்கோ, மிதிவண்டி இடிக்காமல் உரசிச் சென்றாலும் அன்றைய நடையின் நிம்மதி போய்விடும். மறுபக்கம் இளைஞர்கள் கேட்டார்கள்: "நாங்களும் வரி செலுத்துகிறோம். எங்களில் சிலர் செய்யும் தவற்றுக்கு எல்லாரையும் ஏன் விரட்டுகிறீர்கள்?" அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

1980களில் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிக்கு மூடப்பட்டன. அகலமான மண்சாலைகளில் ஓட்டலாம். ஆனால் வேகம் மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. பிறரைக் கடக்கும்போதும், எதிரே வருவது தெரியாத வளைவிலும் 5 மைல்தான். வரம்பை நடைமுறைப்படுத்த, காரோட்டிகளைப் பிடிக்கப் பயன்படும் ராடார் கருவியோடு வனக்காவலர்கள் காட்டுக்குள் நின்றார்கள். மீறியவர்களுக்குச் சம்மன் கிடைத்தது. மலை மிதிவண்டி பிறந்த இடத்திலேயே அதற்குக் கடிவாளம் போடப்பட்டது!

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, நேயர்களே. 15 மைல் என்பது சுமார் 24 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மிதிவண்டி ஒரு வினாடியில் ஆறரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே ஆளைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சரளை மண்ணில் பிரேக் ஓரளவு பிடித்தாலும், வண்டி நிற்பதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் கடந்திருக்கும். 40 கிலோமீட்டர் வேகமென்றால் இருபத்தைந்து மீட்டருக்கும் மேல். 5 மைல் வேகத்தில் வந்தால் மூன்று மீட்டருக்குள் நின்றுவிடலாம். மோதும் விசையைப் பற்றியும் ஒரு சொல். வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்காவதில்லை, ஒன்பது மடங்காகிறது. ஆக 15, 5 என்ற எண்களை யாரோ மனம்போன போக்கில் எழுதிவிடவில்லை என்பது விளங்கும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை.

முதலாவதாக, மிதிவண்டிக்கு எண் பலகை இல்லை. ஓடிவிட்டவரைப் பிறகு கண்டுபிடிப்பது அரிது. இரண்டாவதாக, பெரும்பாலான மிதிவண்டிகளில் வேகம் காட்டும் கருவி அக்காலத்தில் இல்லை; தாம் வரம்பை மீறியது தெரியாமலே பலர் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவது காரணமே முக்கியமானது. ராடார் கருவிக்குத் தடையற்ற நேர்ப்பார்வை வேண்டும். நீண்ட, திறந்த, நேரான சாலையில்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது? புதர் மறைக்கும் வளைவில். அங்கே காவலரும் தூரம் பார்க்க முடியாது, கருவியும் பார்க்க முடியாது. ஆகவே ஆளில்லாத நேர்ச்சாலையில் 18 மைல் வேகத்தில் சென்றவர் அகப்படுவார். வளைவில் 12 மைல் வேகத்தில் திரும்பி ஒரு மூதாட்டியைத் திடுக்கிட வைத்தவர் தப்பிவிடுவார். உண்மையில் பெரிய குற்றவாளி இரண்டாமவர்தான்.

இதனால் சட்டம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ராடார் நிற்கும் என்ற எண்ணமே பலருடைய வேகத்தைக் குறைக்கும். ஆயினும் 15 என்ற எண்ணை அளக்கலாம். மற்றவரைக் கண்டதும் 5 மைலுக்கு இறங்கும் பண்பை எந்தக் கருவி அளக்கும்?

தடையை எதிர்த்தவர்கள் நீதிமன்றமும் சென்றார்கள். தேசியப் பூங்காச் சேவை 1987இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பூங்காக் காட்டுப்பாதைகள் மிதிவண்டிக்குத் திறந்தவை என்று தனியே அறிவிக்கப்பட்டால் அன்றி, மூடியவை என்றே கொள்ள வேண்டும் என்பது அந்த விதி. மரீன் வட்டார மிதிவண்டி அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. இதற்கிடையே, 1988இல் கலிஃபோர்னியச் சங்கங்கள் கூடி ஓர் அனைத்துலக மலை மிதிவண்டிச் சங்கத்தை அமைத்தன. விரட்டப்படாமல் இருக்க வேண்டுமானால் நாமே ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். அக்காலத்தில் பரவிய மஞ்சள் முக்கோண அறிவிப்புப் பலகை இன்றும் பல பூங்காக்களில் காணப்படுகிறது. மிதிவண்டி எல்லாருக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் பொருள்.

இங்கிலாந்து இந்த வழியை முன்னரே சட்டமாக எழுதியிருந்தது. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை வழங்கியது. கூடவே ஒரு கடமையையும் வைத்தது: நடப்பவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் வழிவிட வேண்டும். வேகத்துக்கு எண்ணே இல்லை. உரிமையும் கடமையும் ஒரே பிரிவில் இணைந்து நிற்கின்றன.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கின்றன. மாலையில் அங்கே குழந்தைகளும் முதியோரும் மிதிவண்டியோட்டிகளும் ஒன்றாகத்தான் போகிறார்கள். 2017இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2018 மே மாதம் அது நடப்புக்கு வந்தது. பகிர்ந்துகொள்ளும் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 15 என்று வரம்பு விதிக்கப்பட்டது. 2019 பிப்ரவரி முதல் நடைபாதை வரம்பு 10 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்தே நீக்கப்பட்டன. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாயின.

ஒன்றைக் கவனித்தீர்களா? மரீன் மலையில் 24 கிலோமீட்டர்; சிங்கப்பூரில் 25. இரு நாடுகள், இரு காலங்கள், காடும் நகரமுமாக இருவேறு சூழல்கள். இருந்தும் ஏறக்குறைய ஒரே எண். அதற்கு மேல் போனால் நடப்பவரோடு ஒரே பாதையில் இருக்க முடியாது என்பதே இரு இடங்களிலும் மனிதர் கண்ட அளவு. அதற்கும் மேல் வேகம் வேண்டுமானால் பாதையைப் பிரிக்கத்தான் வேண்டும். புக்கிட் தீமா காட்டில் மலை மிதிவண்டிக்குத் தனித்தடம் வைத்திருப்பது அதனால்தான். மோட்டார் பொருத்திய மிதிவண்டிகள் பெருகிவரும் இந்நாளில் இந்தப் பாடம் மேலும் அவசியமாகிறது. மேட்டில் ஏறும்போதுகூட அவை வேகம் குறையாமல் வருகின்றன, எடையும் கூடுதல்.

ஆக, வரலாறு மூன்று வழிகளைக் காட்டுகிறது. தடை செய்வது ஒன்று. வேகத்தை அளந்து தண்டிப்பது இரண்டு. வழிவிடும் பழக்கத்தை வளர்ப்பது மூன்று. தடை, நல்லவரையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. அளவீடு, கருவி நிற்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவது வழி மெதுவாகத்தான் பலன் தரும். ஆனால் காவலர் இல்லாத வளைவிலும் அது ஒன்றே துணைக்கு வரும். முதல் இரண்டையும் விலக்கிவிட முடியாது. ஆனால் மூன்றாவது இல்லாமல் அவ்விரண்டும் நிலைக்க மாட்டா.

நேயர்களே, பிள்ளைக்குப் புதிய மிதிவண்டி வாங்கிக் கொடுக்கும்போது மணியும் விளக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அன்றைக்கே இதையும் சொல்லிக்கொடுப்போம்: முன்னே ஆள் தெரிந்தால் தூரத்திலேயே மணியடி, வேகத்தைக் குறை, கடக்கும்போது ஒரு வணக்கம் சொல். மலைப் பாதையானாலும் பூங்காப் பாதையானாலும், பின்னால் வருவது யார் என்று தெரிந்துவிட்டால் முன்னால் நடப்பவரின் அச்சம் பாதி குறைந்துவிடும்.