ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் லான் ரெடி! வீட்டுப் புல்தரைக்கு எந்த மாதம் சரி?

புது வீட்டு வேலை முடிஞ்சாச்சு. காம்பவுண்டு சுவருக்குள் 200 சதுர அடி மண் தரை மிச்சம் இருக்கு. 'இதுல ஒரு லான் போட்டா எப்படி இருக்கும்?' என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆன்லைனில் ஒரு பாக்கெட் புல் விதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூவி, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றுவோம். பலருடைய லான் ஆசை அதோடு முடிந்துவிடுகிறது. ஒன்று, விதையே முளைக்காது. முளைத்தாலும் மே மாத வெயிலில் வைக்கோலாகிவிடும். அதிலும் தப்பித்தால், ஒரே ராத்திரி மழையில் விதையும் மண்ணும் சேர்ந்து கேட் வழியாகத் தெருவுக்குப் போய்விடும்.

இப்படி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் விதையைத்தான் திட்டுவார்கள். ஆனால், பல நேரம் தப்பு விதைத்த மாதத்தில் இருக்கிறது. எப்போது விதைக்கலாம், அதற்கு எப்போதிலிருந்து தயாராகணும்? பார்க்கலாம் வாங்க.

யூடியூப் சொல்லும் மாதம் நமக்கு செட் ஆகாது!

லான் பற்றிய அமெரிக்க, ஐரோப்பிய வீடியோக்களில், 'செப்டம்பரில் விதையுங்கள்' என்று அடிக்கடி சொல்வார்கள். அங்கே அது சரிதான். ரை கிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி ப்ளூ கிராஸ் போன்றவை குளிர்ப்பிரதேசப் புற்கள். மண்ணின் வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அவை நன்றாக முளைக்கும். கோடை முடிந்து மண் குளிரத் தொடங்கும் நேரம்தான் அவற்றுக்கு நல்ல நேரம்.

நம்ம சமவெளி ஊர்களில் வளர்வது வேறு வகை. அருகம்புல் குடும்பத்தைச் சேர்ந்த பெர்முடா புல்லுக்குச் சூடான மண் வேண்டும். 24 டிகிரிக்கு மேல் இருந்தால் விறுவிறுவென முளைக்கும். அந்தச் சூடு நம்ம ஊர் மண்ணில் வருஷத்தில் பெரும்பாலான நாள் இருக்கு. அதனால், நமக்கு வெப்பநிலை பெரிய பிரச்னை இல்லை. மழை எப்போது, எவ்வளவு வேகத்தில் வரும் என்பதை வைத்துத்தான் நாம் மாதத்தை முடிவு செய்யணும்.

பாக்கெட்டில் பச்சைப்பசேல் படம் போட்டு 'லான் சீட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீங்க. புல்லின் பெயர் இருக்கணும். அது ரை கிராஸ் அல்லது ஃபெஸ்க்யூ என்றால், சென்னையிலும் மதுரையிலும் கோடையைத் தாண்டாது.

ஆடி ஏன் சரியான மாதம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று வயலுக்குச் சொன்னது, வீட்டு வாசல் புல்லுக்கும் பொருந்தும். கணக்கை மழையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. அந்த அடை மழையைத் தாங்க, புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். விதைத்த பெர்முடா தரையை மூடி வேர்பிடிக்க 8 வாரங்களாவது கொடுக்கணும். அக்டோபர் 20-லிருந்து 8 வாரம் பின்னால் போனால் ஆகஸ்ட் 25. ஆக, ஜூலை நடுவில் ஆடி பிறந்ததிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் கத்திரி வெயில் முடிந்திருக்கும். சென்னைப் பக்கம் சாயங்கால இடிமழை அவ்வப்போது எட்டிப்பார்க்கும். மண்ணில் சூடு இருக்கும், ஈரமும் கிடைக்கும்.

மற்ற மாதங்களில் விதைத்தால்?

* மாசி, பங்குனி: முளைக்கும். ஆனால், வேர் ஆழமாக இறங்கும் முன்பே கோடை வந்துவிடும். 200 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டாலே சுமார் 90 லிட்டர் ஆகும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு இது கட்டுப்படியாகாது. கிணற்றிலோ போரிலோ கோடையிலும் தண்ணீர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.
* சித்திரை, வைகாசி: விதைக்கவே வேண்டாம். மேல் மண் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். முளைவிட்ட விதை ஒருமுறை காய்ந்தாலும் அவ்வளவுதான்.
* ஐப்பசி, கார்த்திகை: பெர்முடா விதை கடுகைவிடச் சின்னது. ஒரு நல்ல மழை போதும், எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.
* மார்கழி, தை: ராத்திரிக் குளிரில் முளைப்பு மெதுவாகும். அதற்குள் களை முந்திக்கொள்ளும்.

ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்

கோவை, தென்காசிப் பக்கம்: ஆடிக் காற்று அம்மியையே தூக்கும் என்பார்கள், கடுகைவிடச் சின்ன விதை எம்மாத்திரம்? காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் விதையுங்கள். மேலே சலித்த மட்கு உரம் போட்டு மூடுவதை மறக்காதீங்க.

மதுரை, திருச்சி: ஆடியில் மழையை நம்ப முடியாது. ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ விதைக்கலாம். முதல் மூன்று வாரம் உங்கள் கைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி: இங்கே கணக்கே வேறு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அது போய், மண் சூடேறி, கோடை மழை கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பது நல்லது. மலைக்குக் கிக்குயு புல் பொருத்தம்.

கத்திரி வெயிலை வீணாக்காதீங்க!

விதைப்பது ஆடியில் என்றாலும், வேலை சித்திரையிலேயே தொடங்கிவிடும். கட்டட வேலை நடந்த இடம் என்றால், முதலில் சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். பிறகு, ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டு, வெயிலில் காயவிடுங்கள்.

கொத்திய மண்ணை நனைத்து, அதன் மேல் கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட்டை விரித்து, ஓரங்களை மண் போட்டு மூடி 4 முதல் 6 வாரம் விட்டால், உள்ளே ஏறும் சூட்டில் களை விதைகள் பெருமளவு செத்துவிடும். கோரை மட்டும் இதற்கு அசையாது. அதன் கிழங்கு ஆழத்தில் இருக்கும். ஆனி மாதம் ஷீட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கோரை தலை நீட்டியதும் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இதை இரண்டு முறை செய்யணும். அலுப்பான வேலைதான். ஆனால், புல் முளைத்த பிறகு கோரையைப் பிடுங்கினால் இளம்புல்லும் கூடவே வந்துவிடும்.

கடைசியாக, தொழு உரம் கலந்து சமப்படுத்துங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால், ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்காது.

விதைக்கும் நாளில்...

* 200 சதுர அடிக்கு 100 முதல் 200 கிராம் பெர்முடா விதை போதும். அள்ளிப் போட்டால் நெருக்கியடித்து முளைத்து அழுகும்.
* விதையை உலர்ந்த மணலோடு கலந்துகொள்ளுங்கள். பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் திட்டுத்திட்டாக முளைக்காது.
* மேலே அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் சலித்த உரம் தூவி, பலகையால் லேசாக அழுத்துங்கள்.
* ஹோஸ் பைப்பை நேராகப் பிடிக்காமல் பூவாளியால் தெளியுங்கள்.

அடுத்த 8 வாரங்கள்

முதல் இரண்டு, மூன்று வாரம் மேல் மண் காயவே கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். 7 முதல் 21 நாளுக்குள் பச்சை தெரியும். பத்தாவது நாள் ஒன்றும் தெரியவில்லை என்று கிளறிப் பார்க்காதீங்க. முளைத்த பிறகு தண்ணீர் விடும் தடவையைக் குறைத்து, ஒரே தடவையில் ஆழமாக நனையும்படி விடுங்கள். அப்போதுதான் வேர் கீழே இறங்கும்.

புல் 5, 6 சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. புரட்டாசியில் சொட்டையான இடங்கள் தெரிந்தால், பக்கத்தில் அடர்ந்த புல்லிலிருந்து வேரோடு சிறு துண்டுகள் எடுத்து ஊன்றிவிடுங்கள். அதுவரை குழந்தைகளையும் நாய்க்குட்டியையும் லானில் விட வேண்டாம்.

விதையே வேண்டாம் என்பவர்கள் யார்?

மாமரத்து நிழலிலோ, இரண்டு மாடிகளுக்கு நடுவிலோ இருக்கும் இடத்தில் பெர்முடா வராது. அதற்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஓரளவு நிழல் என்றால், நர்சரியில் பஃபலோ புல் துண்டுகள் வாங்கி நடலாம். மெத்தென்று இருக்கும் கொரியன் புல்லையும் நம்ம ஊரில் துண்டுகளாகவோ பாய்களாகவோதான் பெரும்பாலும் வைக்கிறார்கள். அடுத்த மாதமே கிரகப்பிரவேசம், அதற்குள் பச்சை தெரியணும் என்றாலும் புல் பாய்தான் வழி. செலவு கூடும், ஆனால் மழைக்குக் கரையாது.

அவசரம் இல்லாதவர்களுக்கு விதைதான் சிக்கனம். இந்த வருஷம் ஆடியைத் தவறவிட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, ஐப்பசியில் விதையை வாங்கித் தண்ணீரில் விடாதீங்க. மழை பெய்யும்போது ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். சித்திரையில் மண்வெட்டியைத் தூக்கும்போது, எங்கே தொடங்குவது என்று உங்களுக்கே தெரியும்.