மலைநாட்டில் ஒரு பழைய துவிச்சக்கரவண்டி

சரித்திரம் எழுதப் புகுவோர் செப்பேட்டையும் கல்வெட்டையும் தேடுவர். மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு அவ்விரண்டும் இல்லை. அவர்களுடைய பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் ஏறின. வேறு ஏடுகளில் அவற்றைக் காண்பது அரிது. ஆகவே, அவர்கள் கையாண்ட பொருள்களையே நாம் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஹட்டன் பகுதியில் ஏதேனுமொரு வீட்டுத் தாழ்வாரத்தில் துருவேறிச் சாய்ந்து நிற்கும் பழைய துவிச்சக்கரவண்டியும் அத்தகைய சாட்சிகளுள் ஒன்று. அதனை மீண்டும் ஓடச் செய்வது எங்ஙனம், ஓடச் செய்யும்போதே அதன் சாட்சியத்தை அழியாமற் காப்பது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

புகையிரதப் பாதை ஹட்டனை வந்தடைந்த ஆண்டு 1884. மறு ஆண்டில் அது நானுஓயாவை எட்டியது. அதே 1885ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பார், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். ஆகவே, நாம் அறிந்த துவிச்சக்கரவண்டியும் ஹட்டன் புகையிரத நிலையமும் ஏறக்குறைய ஒரே வயதின எனலாம். ராலி, ஹம்பர், ரட்ஜ், ஹெர்க்குலிஸ் முதலிய ஆங்கில வண்டிகள் பின்னர் இத்தீவெங்கும் பரவின.

எனினும், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஹட்டன், யாழ்ப்பாணத்தைப் போலச் சமதரையன்று. யாழ்ப்பாணத்தில் வண்டி மனிதனைச் சுமக்கும். இங்கோ பாதி வழியில் மனிதனே வண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் மலையேறி இறங்கியது கால்நடையாகவே. துவிச்சக்கரவண்டி, ஓரளவு வசதி பெற்றவரின் உடைமையாகவே இருந்தது. ஆதலால், ஒரு வண்டி யாருடையது என்னும் கேள்வியே ஒரு சரித்திரக் கேள்வியாகிறது.

அக்கேள்விக்கு விடை காணுமுன் வண்டியில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கலாகாது. முதலில் ஈரத்துணியால் அழுக்கை மட்டும் நீக்குக. பெற்றோலும் தின்னரும் பட்டால், சட்டகத்தின் பொன்வரிகளும் கம்பெனி முத்திரையும் கரைந்துபோகலாம். உள்ளூர்ச் சபையின் வரித் தகடோ, மட்கார்ட்டில் கீறிய பெயரோ இருப்பின் அதனை அவ்வாறே விடுக. பின்சக்கரத்தில் ஸ்டர்மி–ஆர்ச்சர் மூன்று கியர் குடம் இருந்தால், அதன்மேல் பொறித்த எண்களை நோக்குக. பல குடங்களில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் மாதத்தின் எண்ணும் காணப்படும். ஆயினும், அது குடத்தின் வயதேயன்றி வண்டியின் வயதன்று; சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கவுங் கூடும். ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டே முடிவு கூறல் வேண்டும்.

இனி, கழற்றும் முறையைப் பார்ப்போம். இறுகிய மரைகளில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருக்க வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை மரை. இதனை மறந்து பலங்கொண்டு திருகுவோர் அதனைக் கெடுத்துவிடுவர். பெடல் தண்டைப் பிணைக்கும் கொட்டர்பின்னை அடிக்கும்போது, தண்டின் கீழே உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்த அடி உள்ளிருக்கும் குண்டுகளையும் அவை உருளும் பாதையையும் தாக்கும். குண்டுகளை எண்ணி வைத்துக்கொள்க. பெரும்பாலான ஆங்கில வண்டிகளில் பின்குடத்தின் ஒவ்வொரு புறத்திலும் கால் அங்குலக் குண்டுகள் ஒன்பது இருக்கும். பழைய குண்டுகளை நீக்கிப் புதியனவும் புதிய கிரீசும் இடுவதால் வரலாற்றுக்கு யாதொரு குறையும் நேராது.

பிரேக்கின் விஷயம் அவ்வாறன்று. பழைய வண்டிகளில், இரும்புக் கோல்கள் மேல்நோக்கி இழுக்க, பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். வெயிலில் இம்முறை போதுமானது. ஆனால், குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்துவிட்டால், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் பன்மடங்காகும். தென்மேல் பருவக்காற்று மாதக்கணக்கில் மழை பொழியும் ஹட்டன் சரிவுகளில் இது உயிருக்கு ஆபத்து. ஓடவேண்டிய வண்டியாயின், குடத்தினுள்ளே அமைந்த டிரம் பிரேக் கொண்ட முன்சக்கரத்தைப் பொருத்துவதே அறிவுடைமை. அதனுடன் முன்கவையில் வெடிப்போ வளைவோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். வெடித்த கவையை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தலாகாது.

‘பழைய சக்கரத்தை நீக்கினால் பழமை போயிற்றே!’ என்று சிலர் வருந்தலாம். நீக்கிய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி, எது, எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், பழமை போகாது. மறைத்த மாற்றம் பொய்ச்சாட்சி. எழுதி வைத்த மாற்றமோ வரலாற்றின் அடுத்த பக்கம்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் குடும்பங்குடும்பமாகப் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று கடல் கடந்தவர்கள் அனேகர். அவர்கள் எடுத்துச் செல்ல இயன்றது சிறிதே. எஞ்சிய பொருளைக் கண்டால், அதன் உடையவரை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை. வண்டிக்குப் புதுப் பூச்சு அடுத்த ஆண்டிலும் அடிக்கலாம். அந்த முதியவரின் நினைவு அதுவரை காத்திருக்குமா?

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை முடக்கியபோது, புதிய துவிச்சக்கரவண்டிகளின் விலை கைக்கெட்டாமல் உயர்ந்தது. மூலையிற் கிடந்த வண்டிகள் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வந்தன. அவசரத்தில் செய்த அவ்வேலையில் எத்தனை பெயர்கள் புதிய பூச்சின் கீழ் மறைந்தனவோ! இப்போது அந்த அவசரம் இல்லை. ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய வண்டி ஒன்று இருப்பின், திருகு சாவியை எடுக்குமுன் பேனாவை எடுங்கள். சரிவில் இறக்குமுன் பிரேக்கைச் சோதியுங்கள்.