சிப்கோ இயக்கமும் நேரடி நடவடிக்கையும்

அரசின் ஆணையொன்று தமக்குத் தீங்கு பயப்பதெனக் கண்ட மக்கள் அதனை மூன்று வழிகளால் எதிர்ப்பர். விண்ணப்பஞ் செய்தல் ஒன்று. வழக்குத் தொடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் பயன்படாதவிடத்துத் தம் உடலையே தடையாக நிறுத்துதல் மூன்றாவது. இம்மூன்றாவது வழியே நேரடி நடவடிக்கை எனப்படும். காடுகளின் பொருட்டு இவ்வழியை மேற்கொண்டோருள் இமயமலைச் சாரலிலுள்ள கார்வால் நாட்டுப் பெண்டிர் பெரும்புகழ் பெற்றவர். எனினும், அவர்தம் செயலின் நோக்கம் யாது, அதனால் அவர் பெற்றது யாது என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

சிப்கோ இயக்கத்தின் வேர் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உள்ளது. 1865 ஆம் ஆண்டிலும் 1878 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட வனச் சட்டங்கள், கிராமத்தார் தொன்றுதொட்டு ஆண்டுவந்த காடுகளை அரசின் உடைமையாக்கின. இருப்புப்பாதைச் சிலிப்பர்க் கட்டைகளுக்குத் தேவதாருவும், பிசினுக்கு ஊசியிலை மரமும் வேண்டப்பட்டன. உழவருக்கோ தழையும் விறகும் தந்து, நிலத்தடியில் நீரையும் நிறுத்தும் கருவாலியே உற்ற துணை. 1921 ஆம் ஆண்டில் அயலிலுள்ள குமாவோன் மக்கள் கட்டாய வேலையை மறுத்தனர். அரசின் ஊசியிலைக் காடுகள் பலவற்றுக்குத் தீயும் வைத்தனர். அகன்ற இலைக் காடுகளை அவர்கள் தீண்டாது விட்டமை, அது நெறியற்ற வெறிச்செயல் அன்று என்பதைப் புலப்படுத்தும். இக்கிளர்ச்சிக்குப் பின்னர் அரசு காடுகளிற் சிலவற்றின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1931 ஆம் ஆண்டில் வனப் பஞ்சாயத்து விதிகளையும் வகுத்தது. இவ்விதிகளால் கிராமத்தார் தம் காட்டைத் தாமே பேணும் உரிமையின் ஒரு பகுதியை மீளப் பெற்றனர்.

1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போருக்குப் பின் எல்லைப்புறத்தில் வீதிகள் பெருகின. வீதிகளின் வழியே குத்தகைக்காரரும் வந்தனர். 1970 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அலகநந்தை பெருக்கெடுத்துப் பாலங்களையும் ஊர்களையும் அழித்தது. காடழிந்த சரிவுகளிலேயே மண் பெரிதும் சரிந்தமையை மக்கள் தம் கண்களாற் கண்டனர். 1964 ஆம் ஆண்டில் சண்டி பிரசாத் பட் முதலியோர் கோபேசுவரத்தில் நிறுவிய கிராம சுயராச்சிய சங்கம், உழவுக் கருவிகள் செய்தற்குச் சில மரங்களைக் கேட்டபோது வனத்துறை மறுத்தது. அதே மரத்தை விளையாட்டுக் கருவிகள் செய்யும் வெளியூர்க் கொம்பனியொன்றுக்கு அத்துறை வழங்கியது. மரங்களைத் தழுவி நின்று வெட்டுதலைத் தடுப்பதென மக்கள் துணிந்தனர். 1973 ஆம் ஆண்டு ஏப்பிரல் 24 ஆந் திகதி மண்டல் என்னும் ஊரில் அவர்கள் பறை முழக்கித் திரளவே, கொம்பனியார் வெறுங்கையுடன் மீண்டனர். ‘சிப்கோ’ என்னும் இந்திச் சொல் தழுவுதலையும் ஒட்டிக்கொள்ளுதலையும் குறிப்பது.

1974 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரேணி என்னும் ஊரில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. படைத்துறை எடுத்துக்கொண்ட நிலங்களுக்கான நட்டஈட்டைப் பெறுதற்கு ஆடவரெல்லாம் சமோலிக்குச் சென்றிருந்த நாளில் மரம் வெட்டுவோர் காட்டினுட் புகுந்தனர். கௌரா தேவி என்னும் கைம்பெண் தலைமையில் 27 பெண்டிர் அவர்களை மறித்தனர். வசைமொழிக்கும் அச்சுறுத்தலுக்கும் அசையாது அவர்கள் இரவெல்லாம் காவல் நின்றனர். ஒரு மரமும் விழவில்லை. பின்னர் அரசு அறிஞர் குழுவொன்றை அமைத்தது. அக்குழு 1976 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பின், அலகநந்தையின் மேல்நீரேந்து பகுதியில் மரம் வெட்டுதல் 10 ஆண்டுகளுக்குத் தடுக்கப்பட்டது. சுந்தர்லால் பகுகுணாவின் உண்ணாநோன்பும் நடைப்பயணமும் இவ்வியக்கத்தை நாடறியச் செய்தன. 1980 ஆம் ஆண்டில் பிரதமர் இந்திரா காந்தி, உத்தரப் பிரதேசத்து இமயக் காடுகளில் வணிகத்துக்காகப் பச்சை மரம் வெட்டுதலை 15 ஆண்டுகளுக்கு நிறுத்தச் செய்தார். அவ்வாண்டிலேயே வனப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று.

இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. மண்டலில் மக்கள் வேண்டியது மரத்தை எவரும் தீண்டலாகாது என்பதன்று. முதலுரிமை உழவனுக்கோ வணிகனுக்கோ என்பதே அவர்தம் வினா. அரசு அளித்த விடையோ தடை. வணிகனை விலக்கிய அரசு, காட்டைக் கிராமத்தாரிடம் ஒப்புவிக்கவில்லை. தன் பிடியையே இறுக்கியது. வீதிக்கும் நீர்க்குழாய்க்குமான சிறு நிலத்துக்குங்கூட மத்திய அரசின் இசைவு வேண்டியதாயிற்று. இதனால் வெகுண்ட மலைநாட்டாருட் சிலர், 1980 களின் இறுதியில், தடையை மீறி மரங்களை வெட்டியே கிளர்ச்சி செய்தனர். தழுவிய நாட்டிலேயே கோடரியும் நேரடி நடவடிக்கையின் கருவியாயிற்று.

இதனாற் சிப்கோவின் பெருமை குன்றுவதில்லை. கருநாடகத்தில் 1983 ஆம் ஆண்டில் ‘அப்பிக்கோ’ இயக்கம் தோன்றுதற்கு அதுவே வழிகாட்டிற்று. ஆயினும் இரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும். 1921 ஆம் ஆண்டின் கிளர்ச்சி முரட்டுத்தனமானதாயினும், அதன் பயனாக ஆட்சியுரிமையின் ஒரு பகுதி மக்களிடம் மீண்டது. 1974 ஆம் ஆண்டின் அறப்போர் தூயதாயினும், அதன் பயனாக மரங்கள் பிழைத்தன, உரிமை மீளவில்லை. தீங்கைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நேரடி நடவடிக்கைக்கு உண்டு. தடுத்த பின் காட்டை ஆள்வார் யாவர் என்னும் வினாவை அது தீர்ப்பதில்லை. அவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு, போர் முடிந்த பின்னரும் மக்களிடத்தே எஞ்சி நிற்கின்றது.